நல்ல காய்

வியாபாரி ராசையாவின் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த தரகர் உச்சிமாகாளி, சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தச் செய்தியைச் சொன்னார்.

"அண்ணாச்சி, கல்கத்தாக்காரன் இனிமே வெனிலாக் காயே வேண்டாங்கான். சீமையிலேருந்து புட்டியில எசன்ஸ் வந்து எறங்குது. நாலு சொட்டு விட்டாப் போதும்னு எல்லாரும் அதுக்கு மாறுதாவ. வெனிலா வெளையுத தீவுலயும் இந்த வருசம் காய்ப்பு அமோகமாம். வெலை விழுந்துரும்."

ராசையாவின் கை இலையிலேயே நின்றது. ரசம் ஊற்ற வந்த அவன் மனைவி செல்லக்கனியும் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள்.

"பஜாருக்குத் தெரியுமா?" என்றான் ராசையா.

"இன்னும் இல்ல. கப்பல் கம்பெனி ஆள் எங்கிட்ட மட்டுந்தான் சொன்னான். இந்த வாரத்துக்குள்ள எப்படியும் தெரிஞ்சிரும்."

ராசையா தலையைத் தூக்கி மச்சைப் பார்த்தான். அங்கே மாடியறையில்தான் எல்லாம் இருந்தது. ராயபுரத்துக் கிடங்குகளில் கடல் ஈரம் ஏறும் என்பதால் தகரப் பெட்டிகளை வீட்டுக்கே கொண்டுவந்து அடுக்கியிருந்தான். ஒவ்வொரு பெட்டியிலும் மெழுகுத்தாளுக்குள் கறுத்து மெலிந்த காய்கள், எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பாக. இரண்டு வருஷத்துக்கு முன் தீவில் புயல் அடித்துக் கொடிகள் அழிந்தபோது விலை ஏறத் தொடங்கியது. ராசையா வட்டிக்கு வாங்கி, பட்டணத்தில் கிடைத்த சரக்கையெல்லாம் சேர்த்தான். மவுண்ட் ரோடு பேக்கரிக்காரர்களும் பம்பாய் வியாபாரிகளும் வந்து கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று அனுப்பிவைத்தான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் நல்ல விலைக்கு ஒருவர் வந்தபோது, அவசரப்படாதீங்க, பொறுத்துப் பாருங்க என்று சொன்னது செல்லக்கனிதான். சொந்த ஊரான நாசரேத்தில் அடமானத்தில் விட்டுவந்த வீட்டை மீட்டுவிடலாம் என்று அவளுக்கு ஆசை இருந்தது.

காய்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வாரம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து, வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் புரட்டி, துணியால் துடைத்து அடுக்குவாள். எதிர்வீட்டு ரோஸ்மேரி கூடவந்து உட்காருவாள். இரண்டு பேரின் விரல்களிலும் அந்த மணம் ஏறிவிடும். ரோஸ்மேரிக்குச் சிரிப்பாக இருக்கும். மீன் கழுவின கையில இந்த வாசனை வந்தா எங்க வூட்டுக்காரர் பேஜாராயிடறாருக்கா என்பாள். பேச்சுவழக்குப் புரியாத பட்டணத்துக்கு வந்து திகைத்து நின்ற நாளில் செல்லக்கனிக்குக் குழாயடியையும் கோயிலையும் கடையையும் காட்டித் தந்தவள் அவள்தான். அவள் புருஷன் லாசருக்கு, அப்பன் விட்டுப்போன இரண்டு சரக்குப் படகுகள். கப்பல்கள் தூரத்தில் நின்ற காலத்தில் ஓயாத வேலை. இப்போது அவை துறைமுகச் சுவரோடு ஒட்டி வந்து நின்றுவிடுகின்றன. படகுகள் பாதி நாள் சும்மா கிடந்தன. ராசையாவைப் போலத் தானும் வியாபாரத்தில் இறங்கவேண்டும் என்று லாசர் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மாடி ஜன்னல் வழியே செல்லக்கனி பார்த்தாள். தெருவில் ராசையா லாசரின் தோளில் கைபோட்டு நின்றிருந்தான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. உள்ளே வந்தவனிடம், "எதிர்வீட்டுப் பிள்ளைக தலையில இதக் கட்டிராதீங்க" என்றாள்.

"அப்ப நம்ம நாலு பேரும் தெருவுல நிப்போம். சம்மதமா?"

அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போனாள்.

மறுநாள் காலையில் ரோஸ்மேரி ஈரத்தலையோடு வந்தாள். முகம் சிவந்து, சின்னப் பெண்போல இருந்தாள்.

"அக்கா, அண்ணாச்சிக்கு ஊருல நெலம் வாங்கணுமாம். அவசரமாப் பணம் வோணுமாம். பெட்டி எல்லாத்தையும் எங்களுக்கே தந்துடறேன்றாரு. எங்க வூட்டுக்காரரு படகு ரெண்டையும் வித்துடலான்னுகினு குதிக்கறாரு. எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லு. நீ சரின்னா எனக்கு சரி."

செல்லக்கனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. இளையவன் எதற்கோ சிணுங்கினான்.

"காய் நல்ல காய்தான், ரோஸு" என்றாள். "ஒண்ணுகூடப் பூக்கல. நீயும்தான் பாத்திருக்கியே."

அது பொய்யில்லை. பின்னாளில் அவளை அரித்ததும் அதுதான். பொய் சொல்லியிருந்தால் அதைப் பாதிரியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லி ஒருத்தியைக் குழியில் தள்ளியதை எந்த வார்த்தையில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

படகுகள் கைமாறின. பெட்டிகளை லாசரே தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். அந்த வாரம் முடிவதற்குள் செய்தி பஜாருக்கு வந்தது. லாசர் கோபமாக வரவில்லை. வாசலில் நின்று, "இன்னா தோஸ்து, இப்பிடி ஆயிடுச்சே" என்றான். ராசையா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் வியாபாரத்தில் சகஜம், திரும்ப ஏறும் என்றான். லாசர் நம்பினான். விலை ஏறும் என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தான். காய்கள் உலர்ந்து குச்சிகளாயின. கடைசியில் அடுப்பு விறகின் விலைக்குப் போயின.

பிழைப்புத் தேடி எண்ணூருக்குக் கிளம்பும் நாளில் ரோஸ்மேரி சொல்லிக்கொள்ள வந்தாள். செல்லக்கனி அழுதாள். ரோஸ்மேரி அழவில்லை. செல்லக்கனியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரேன்க்கா" என்று போனாள்.

ராசையா தலையெடுத்தான். கடன் அடைந்தது, நாசரேத்து வீடு மீண்டது. அடுத்த வருஷமே எசன்ஸ் புட்டிகளை இறக்குமதி செய்ய ஆரம்பித்தான். வண்ணாரப்பேட்டை மிட்டாய்க்கடைக்காரர்கள்கூட வாங்கினார்கள். லாசரின் பெயர் வீட்டில் பேசப்படுவதில்லை. ஒரே ஒருநாள், சாப்பிட்டுக் கைகழுவும்போது, "அவங்கிட்டேருந்து ஒரு பெட்டியாவது நான் திருப்பி வாங்கியிருக்கணும்" என்றான் ராசையா. செல்லக்கனி துண்டை நீட்டினாள்.

வருஷங்கள் கழித்து மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை கொடுக்கிற சாக்கில் செல்லக்கனி எண்ணூருக்கு ரயிலேறினாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ரோஸ்மேரி உப்பளத்தில் இருந்தாள். கறுத்திருந்தாள். கால்களில் உப்பு தின்ற புண்கள். பத்திரிகையைக் கையில் படாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"ரோஸு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலையில நீ வந்து கேட்டியே—"

"சொல்லாதேக்கா."

செல்லக்கனி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"எனக்குத் தெரியும். கெளம்பறப்போ உன் மூஞ்சியைப் பாத்தேனே, அப்பவே தெரியும்." ரோஸ்மேரி சுமைகூடையின் மண்ணைத் தட்டிக்கொண்டே பேசினாள். "நீ சொல்லிட்டா உனக்கு லேசாயிடும். எனக்கு இன்னா ஆவும்? அவரு இன்னும் அண்ணாச்சியைத் தோஸ்து தோஸ்துன்னுகினு கீறாரு. அவருக்குன்னு மிச்சம் அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிடாதே."

"நீ என்னை ரெண்டு வார்த்தை திட்டிரு."

"எனக்கு வேலை கீது."

அதற்குள் லாசர் வந்துவிட்டான். கடலை ஒட்டிய உப்பங்கழியில் ஏதோ ஒரு துரையின் படகைத் தள்ளுகிற வேலை அவனுக்கு. தலை நரைத்திருந்தது. அக்கா வந்துகீது, அக்கா வந்துகீது என்று அங்கிருந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவோம் என்றான். ரோஸ்மேரி கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குள் நடந்தாள். மணலில் நடக்கவேண்டாம், ஸ்டேஷன் பக்கம் படகிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று செல்லக்கனியை வற்புறுத்தி ஏற்றிக்கொண்டான்.

கழி வெயிலில் தகடாய்க் கிடந்தது. லாசர் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டே ராசையாவின் உடம்பைப் பற்றி விசாரித்தான், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். பிறகு, "நம்ம வெனிலா இப்போ இன்னா வெலை போவுதுக்கா? மறுபடி ஏறுச்சா?" என்றான்.

"ஏறல, தம்பி" என்றாள் அவள்.

"ஏறும்" என்றான் அவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கரையில் உப்புக்கூடைகளோடு பெண்கள் வரிசையாக உப்புமேட்டின்மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய சேலையும் ஒரே வெளுப்பாக இருந்தது. அதில் ரோஸ்மேரி யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொருத்தியாக உச்சிக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்தார்கள். கண்கூசும் வெள்ளை சரிந்து இறங்கியது. ஒருத்தியும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.