சத்தம் போடாத பெட்டி

"உங்களுக்கு என்ன கேம் ஆடணும், மேடம்?"

"சும்மா நடக்கணும்."

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் பாகமாகப் பொருள் விற்கிற கடை அது. வருகிறவர்கள் சுடணும், கார் ஓட்டணும், பந்து அடிக்கணும் என்பார்கள். நடக்கணும் என்று கேட்டு யாரும் வந்ததில்லை.

"நடக்கறதுன்னா?"

"மலை, காடு, புல்லு. மழை தூறிட்டே இருக்கு. நம்ம பாட்டுக்கு நடக்கலாம். என் தம்பி வீட்டுல பாத்தேன். இவன் என்னடான்னா போற வர்றவனையெல்லாம் வெட்டிட்டு இருந்தான். வெட்டாம நடக்க விடுவாங்களாடான்னு கேட்டேன். விடுவாங்கன்னு சொன்னான்."

"அக்கா, அதையெல்லாம் இங்க எதுக்கு சொல்றே?" என்று தம்பி நெளிந்தான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தான் ஆடும் கம்ப்யூட்டரை முழுசாக வாங்கியவன். பாகங்களைச் சேர்ப்பதை வீடியோவில் மட்டும் பார்த்தவன்.

"இன்னொண்ணும் இருக்கு. சத்தம் வரக் கூடாது."

"ஸ்பீக்கர் வேணாங்கறீங்களா?"

"ஸ்பீக்கரைச் சொல்லலைங்க. பெட்டி. பெட்டி மூச்சு விடறது கூடக் கேக்கக் கூடாது."

அவளுக்கு ரொட்டி சுடும் கூடத்தில் வேலை. ஊர் எழுவதற்கு முன்னால் போய், வெயில் உச்சிக்கு வருவதற்குள் திரும்பிவிடுவாள். கணவருக்கு ஒரு பெரிய கிடங்கில் ராக்காவல். அவள் திரும்பும்போது அவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். வீடு என்பது ஒரே அறை. ஜன்னலில் தடித்த திரை தொங்கும். அதன் ஓரத்தில் மட்டும் பகல் ஒரு கோடாக நிற்கும். அவர் தூக்கமோ கோழித்தூக்கம். ஒரு கரண்டி விழுந்தால் போதும், "யார்ரா அது?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் அவளுடைய மத்தியானம் முழுவதும் இருட்டில், கட்டில் ஓரத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு கழியும். போனில் படம் பார்க்கலாம்தான். ஆனால் படத்துக்குள் போக முடியாதே.

கேம் ஆசையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"வாங்கிக்க. ஆனா ஒரு பேச்சு. என் தூக்கம் அதால ஒரு தடவை கலைஞ்சாலும் அது கடைக்கே திரும்பிப் போயிடணும்."

"சரி."

"அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"மாட்டேங்க."

ரொட்டிக் கூடத்துப் போனஸ் மொத்தமும் கைப்பையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு திருகாணி கூட வாங்க வழியில்லை. ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் நாற்காலியில் சாய்ந்தே உட்கார்ந்தாள்.

"முதல்ல பிராசஸர். இதான் இருக்கறதுலயே வேகமானது."

"அக்கா நடக்கத்தானே போறா? ஓட மாட்டா," என்றான் தம்பி. "போன வருஷத்து மாடல் போதும். மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. மலை, மழை எல்லாம் அதுலதான் வரணும்."

"கேபினெட்டு இது பாருங்க. முழுக் கண்ணாடி. உள்ள ஏழு கலர்ல லைட்டு சுத்தும்."

"ஆம்புலன்ஸ் மாதிரில்ல இருக்கு!" என்றாள் அவள். "மனுஷன் தூங்கற இடத்துல இதை வச்சா, விழுந்தடிச்சு எழுந்துருவாரு. கண்ணாடியே வேணாங்க. கனமா, மூடினாப்ல எதுவும் இல்லையா?"

மூலையிலிருந்து தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. உட்புறச் சுவரில் மெத்தென்று பஞ்சுத்தாள் ஒட்டியிருந்தது. யாரும் கேட்காததால் விலையும் இறங்கியிருந்தது. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் உள்ளேயே அடங்கிவிட்டது.

பிறகு தம்பியின் முறை வந்தது. ஒவ்வொரு விசிறியையும் ஓடவிட்டு, கண்ணை மூடி, காதருகே பிடித்தான்.

"இது வேணாம். பேரிங் அழுவுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே, சார்."

"இப்பக் கேக்காது. ஒரு மாசம் போனா ஒப்பாரியே வைக்கும். அடுத்தது."

"டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு," என்று கடைக்காரர் அடுத்ததை எடுத்தார்.

சுழலும் ஹார்டு டிஸ்க் பல்லைக் கடிக்கிறது என்று தள்ளினார்கள். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. சின்ன அளவில் ஒன்று. மெமரி இப்போதைக்குப் பாதி. மீதி இடம் காலியாக இருக்கட்டும். கார்டு மட்டும் யாரோ ஆடிக் களைத்து விற்றது. ஆனால் சூடு ஏறும்வரை அதன் விசிறிகள் அசைவதேயில்லை என்று கடைக்காரர் சொன்னபோது அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மானிட்டர் திரை, ஒரு அலுவலகத்தைக் காலி செய்தபோது வந்த பழசு. கீபோர்டை அவளே தேர்ந்தெடுத்தாள். மாவில் விரல் பதிப்பதுபோல் எதை அழுத்த முடிந்ததோ, அதை.

அன்று சாயங்காலம் அறை முழுக்க அட்டையும் தெர்மாகோலுமாகக் கிடந்தது. கணவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

"மாப்ளே, பிரிச்சதைத் திரும்ப மாட்டத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் மாமா. கடைசில ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சும், அவ்வளவுதான்."

"அந்த ரெண்டையும் எங்க தலையில கழண்டதுக்குப் போட்டுக்கறோம். நீ வேலையைப் பாரு."

"அக்கா, பட்டன்ல சின்னதா ஒரு லைட்டு எரியும். வயரைச் சொருகவா?"

"வேணாம்டா. இருட்டுல அது ஒண்ணு போதும் அவரை எழுப்ப."

வயரைச் சுருட்டி உள்ளேயே கட்டிவிட்டான். எல்லாம் மாட்டி, பெட்டிக் கதவை மூடி, பட்டனை அழுத்தினான். பெட்டியின் மேல் காதை வைத்தான். ஃபிரிட்ஜோ எதுவோ, அவனுக்கு அதுதான் வழக்கம். கேட்டால் உயிர் இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை.

"ஒண்ணும் கேக்கலக்கா."

திரையும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு முழுவதும் பிரித்தான், மறுபடி மாட்டினான். காதை வைத்தான். இல்லை. மறுபடியும் பிரித்தான். மாட்டி, காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"செத்த பெட்டியை நம்ம தலையில கட்டிட்டான் அந்தாளு," என்றான் கடைசியில்.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். ஏற்கனவே மடித்ததை இன்னொரு தடவை மடித்தாள்.

வேலைக்குக் கிளம்பி, சீருடைப் பொத்தானை மாட்டிக்கொண்டே கணவர் வந்தார். இருட்டில் பூட்டுப் பூட்டாகத் தடவிப் பழகிய கை அவருடையது. அதைப் பெட்டியின் முதுகுப் பக்கம் கொண்டுபோனார்.

"மாப்ளே, இது மூச்சு விடுதே."

"என்ன மாமா?"

"கையை வை. இளஞ்சூடா காத்து வருது பாரு."

தம்பி கையை வைத்தான். முகம் மாறியது.

"சத்தம் வேணாம், லைட்டு வேணாம்னு நீங்களே தேடித் தேடி வாங்குவீங்களாம். வாங்கிட்டு வந்து, சத்தம் வரலியேன்னு அதைப் போட்டு ரெண்டு தடவை அறுப்பீங்களாம். நல்லா இருக்கு உங்க நியாயம்!"

திரையின் வயரைத் தம்பி கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல், பக்கத்திலேயே மதர்போர்டில் இருந்த துளையில் சொருகியிருந்தான். இடம் மாற்றியதும் திரை வெளுத்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

மறுநாள் தம்பி கேமை ஏற்றி, தன் ஹெட்போனையும் கொடுத்துப் போனான். அதற்கு அடுத்த மத்தியானம்.

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் ஹெட்போனை மாட்டினாள். உடனே காதுக்குள் மழை தூறியது. ஒரு விரலைக் கீபோர்டின் ஒரு கட்டையில் வைத்து அழுத்தினாள், கால்கள் நடந்தன. புல் இடுப்புவரை வளர்ந்து, வழிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் பச்சையாகக் கரைந்து கிடந்தது. ஒரு மான் தலையைத் தூக்கிப் பார்த்து, இவள்தானா என்பதுபோல் மறுபடி மேய்ந்தது. கட்டிலும் ஜன்னல் திரையும் எங்கோ பின்னால் போய்விட்டன. உள்ளங்காலில் ஈரம் பட்டதுபோல் இருந்தது. காடு முடியும் இடத்தில் தரை திடீரென்று கீழே இறங்கியது. மலை தலைகீழாகத் தூங்கும் பெரிய ஏரி ஒன்று விரிந்தது.

"அடேயப்பா! எவ்வளவு தண்ணி!"

காதை மூடியவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரிவதில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டதைக்கூட அவள் கேட்கவில்லை. தோளில் கை பட்டபோதுதான் திரும்பினாள். ஹெட்போனைக் கழற்றினாள். அறை அப்படியே இருந்தது, இருட்டாக, அமைதியாக.

"எழுப்பிட்டேனா?"

"அது எழுப்பல. நீதான் கத்தினே."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. பேச்சு பேச்சுதான். சாயங்காலம் தம்பியை வரச் சொல்றேன், கட்டி எடுத்துட்டுப் போகட்டும்." மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டாள். கை அணைக்கும் பட்டனைத் தேடியது.

அவர் கட்டிலில் குப்புறப் படுத்து, முகவாயை மடக்கிய கையில் வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியின் வெளிச்சம் அவர் நெற்றியில் அசைந்தது.

"அங்க வாசல் கேட்டு ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"சுத்துச் சுவரு?"

"நான் பாத்தவரைக்கும் இல்ல."

"அப்ப ராத்திரில யாரு காவலு?"

"யாரும் இல்ல. மான்தான் நிக்குது."

"யாருமே இல்லியா," என்றார். குரல் ஏற்கனவே தூக்கத்துக்குள் பாதி தூரம் போயிருந்தது. "திறந்தே கிடக்குது, ம்? அதோ, அந்தாண்ட ஒத்தை மரம் தெரியுது பாரு. அதுவரைக்கும் போ. போயிட்டு அணைச்சுடு."

"அப்ப நம்ம பேச்சு?"

"மரம் வரைக்கும்தான்னு சொன்னேன்ல…"

கண் மூடிக்கொண்டது. சொன்னது விழித்திருந்தவரா, தூக்கத்தில் நடப்பவரா என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். மூச்சு சீராக, ஆழமாக வந்தது. இவ்வளவு ஆழமாக அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை.

ஹெட்போனை மாட்டாமலே திரும்பி உட்கார்ந்தாள். விரலை மெல்ல அழுத்தினாள். ஒற்றை மரம் நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் நின்றது. நாலு எட்டு அதை நோக்கி வைத்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பி, தண்ணீரின் ஓரமாக, ஏரியை முழுவதும் சுற்றி மரத்துக்கு வரும் வழியில் நடக்கத் தொடங்கினாள்.