தொண்ணூற்று மூன்று டிகிரி

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது. மீன்காரர் காலையில் பிடித்தது என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். "உன்னைக் கட்டுறவன் பாவம் மோளே" என்று உம்மா சொல்வாள். அந்தப் பாவப்பட்ட ஆளாக அனீஸ் வந்து வாய்த்தார்.

அனீஸுக்குத் தோப்பும்படியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. நிச்சயம் முடிந்த மறுவாரம், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்ற மாப்பிள்ளைகள் வாட்ச் கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு கிராபிக்ஸ் கார்டு.

"பழைய கார்டுல கேம் திக்கித் திக்கி ஓடுதுன்னு சொன்னியே நௌரின்? இது புதுசு. போட்டுப் பாரு."

எனக்குக் கார் ரேஸ் கேம் என்றால் உயிர். இருபத்தாறு வயதுப் பெண் இதையெல்லாமா விளையாடுவாள் என்று கேட்காமல், அதற்கான சாமானையே வாங்கிவந்த மனிதரை அன்றைக்கு அப்படிப் பிடித்துப்போனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து, மேசைக்குக் கீழே இருந்த சிபியு பெட்டியைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம், வளைவில் காரைத் திருப்பும்போது திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு நிமிடத்துக்கு நாலு தடவை. கூடவே ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. வெப்பத்தைக் காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று டிகிரி.

முதலில் கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். சிமிட்டல் நிற்கவில்லை. ஆபீஸிலிருந்து வேறு கேபிள் கொண்டுவந்து மாட்டினேன். நிற்கவில்லை. கேமில் காட்சியின் தரத்தைக் குறைத்தேன், ஃபேன் வேகத்தைக் கூட்டினேன், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். மூன்று டிகிரி குறைந்தது, அவ்வளவுதான்.

பிறகு இணையத்தில் தேடினேன். அதுதான் நான் செய்த தப்பு. பிட்காயின் மாதிரி காசுகளை உண்டாக்க, மைனிங் என்று ராப்பகலாக ஓட்டித் தேய்ந்துபோன கார்டுகளைத் துடைத்து மெருகேற்றிப் புதிது என்று தள்ளிவிடுகிறார்களாம். அவற்றின் அடையாளம் என்ன? சூடு, சிமிட்டல். அப்போதுதான் நினைவு வந்தது. அனீஸ் அந்தக் கார்டை அட்டைப்பெட்டி இல்லாமல், குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொடுத்தார். அவர் கடையிலோ பாதிச் சரக்கு செகண்ட் ஹேண்ட்.

போனால் போகட்டும், ஒரு கார்டுதானே என்று என்னால் விட முடியவில்லை. புதுசு என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாரே! இதில் பொய் சொல்கிறவர் நாளைக்கு எதில் சொல்ல மாட்டார்? நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஏமாற்றுக்காரனைக் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்கச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டா இருப்பது? கையில் ஆதாரம் கிடைத்தால் நிச்சயத்தை முறித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

தினமும் போனில் பேசினோம். "கார்டு எப்படி ஓடுது?" என்று ஒருநாள் கேட்டார். "சூப்பர்" என்றேன். ஏன் கேட்கிறார், மாட்டிக்கொள்வோம் என்ற பயமா என்று அதற்கும் ஒரு சந்தேகம். "ராத்திரி என்ன சாப்டீங்க?" என்று கொஞ்சலாகக் கேட்டுக்கொண்டே, கார்டின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்த பதினெட்டாம் நாள் கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எர்ணாகுளம் பஸ் ஏறினேன். பிராட்வே சந்து ஒன்றில், மாடியில் விஸ்வநாத் சேட்டனின் ரிப்பேர் அறை. அனீஸுக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் போனேன்.

"இது மைனிங்ல ஓடின கார்டுன்னு எழுதித் தருவீங்களா சேட்டா?" என்றேன்.

"முதல்ல திறக்கட்டும். பார்க்காம எழுத நான் என்ன ஜோசியனா?"

ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஃபேனை எடுத்தவர் விரலால் தடவினார், மூக்கில் வைத்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்ல குந்திரிக்கம் போடுவீங்களா?"

எங்கள் பக்கம் சாம்பிராணிக்கு அதுதான் பேர். "வியாழக்கிழமை அந்தியில, மக்ரிப் தொழுகை நேரம் உம்மா போடுவாங்க. அதுக்கென்ன?"

"வியாழக்கிழமை மட்டும் போட்டா இவ்வளவு வராது." விரலைக் காட்டினார். தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. "பிசின் புகை. ஃபேன் இழுத்திருக்கு, தூசியும் சேர்ந்து ஓட்டையெல்லாம் அடைஞ்சு போச்சு. காத்து போகலைன்னா சூடாகாம என்ன செய்யும்? கார்டு புத்தம் புதுசு. ஸ்குரூ மேல கம்பெனி சீல்கூட இப்ப நான்தான் உடைச்சேன். மைனிங் கார்டுன்னா பின்பக்கம் கரிஞ்சிருக்கும். பாருங்க, எவ்வளவு சுத்தம்."

துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி, கார்டைச் செருகும் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, அங்கேயே மாட்டிக் காட்டினார். அரைமணி நேரம் ஓடியது. அறுபத்தெட்டு டிகிரி. திரை ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.

வீட்டுக்குப் போய் உம்மாவைப் பிடித்தேன்.

"மாப்ள வீட்டுச் சீர் மோளே! ஊரே வந்து கண்ணு வச்சிட்டுப் போச்சு. கண்ணேறு படக்கூடாதுன்னு தெனமும் மக்ரிப்புக்கு கனல் சட்டிய மேசைக்கு அடியில வச்சேன். அந்தப் பெட்டிகூட புகைய நல்லா உள்ள இழுத்துக்கிச்சு!" என்றாள் பெருமையாக. நான் டவுன்லோடு போட்டுவிட்டு ஆபீஸ் போகும் நாட்களில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு நான் வரும்போது வாசனை மட்டும் மிச்சமிருக்கும்.

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அனீஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாளே தோப்பும்படிக்குப் போய், கடையில் அவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். குந்திரிக்கம் என்றதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"மூணு நாள் இங்க ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கொண்டுவந்தேன். அட்டைப்பெட்டி இங்கதான் கிடக்கு. சரி, இப்ப நம்பிக்கை வந்துச்சா?"

"வந்துச்சு. விஸ்வநாத் சேட்டன் திறந்தே காட்டிட்டாரே."

சிரிப்பு நின்றது. "அவர் திறந்து காட்டலைன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை.

"நம்பியிருக்க மாட்டேன்."

அனீஸ் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சந்தேகம் வந்த அன்னிக்கே வந்து என் சட்டையப் பிடிச்சிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல நௌரின். பதினெட்டு நாள் தெனமும் பேசினே. சாப்டீங்களான்னு கேட்டே. நான் சந்தோஷமா பதில் சொல்லிட்டிருந்தேன். நீ என்னைத் திருடன்னு நெனச்சிட்டே கேட்டிருக்கே. இனிமே நீ அன்பா ஒரு வார்த்தை பேசினா, அதை நான் எப்படி எடுத்துக்க?"

மன்னிச்சிடுங்க என்றேன். மன்னித்துவிட்டதாகத்தான் சொன்னார். பிறகு, நிக்காஹைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம், உங்க வாப்பாகிட்ட நானே வந்து பேசறேன் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

"ஒரு மாசமா?"

"தெரியலை நௌரின்."

உண்மையாகவே தெரியாமல்தான் சொன்னார். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.