சும்மா விட்ட நிலம்

மலர்வளையத்தை வைத்த டொக்டர் ஜனார்த்தனன், புகைப்படம் சரியாக விழவில்லை என்றதும் அதைத் தூக்கி மறுபடியும் அதே துக்கத்தோடு வைத்தார். ரிப்பனில் அவருடைய மண் ஆய்வுத் திட்டத்தின் பெயரே மூன்று வரி. செத்துப்போன கறுப்பையாவின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை.

தகப்பனின் தலைமாட்டில் இருந்த நிரஞ்சனி வாசல் வழியே வானத்தைப் பார்த்தாள். ஹேவாஹெட்டப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், சரிவில் கிடந்த துண்டு நிலம்தான் இனி அவளுக்குச் சோறு. பக்கத்து நிலங்களுக்கெல்லாம் மண் ஓடாமல் கல்லணை கட்டிக்கொடுத்த திட்டம், அணை இல்லாவிட்டால் எவ்வளவு மண் போகும் என்று அளக்க ஒரு நிலத்தை மட்டும் சும்மா விடச் சொன்னது. அது கறுப்பையாவின் நிலம். டொக்டருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனுசன், மழைக்கு மழை தன் மண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

"டொக்டர், நாங்க கல்லு கட்டப் போறோம்."

"ஐயோ தங்கச்சி, கடைசி அளவு ஒண்டுதான் மிச்சம். அப்பாவின்ர நிலம் வெளிநாட்டு மாநாட்டுக்கெல்லாம் போகப்போகுது, பாருங்கோ."

"போன மண்ணு திரும்பி வருமா?"

அவர் மலர்வளையத்தின் ரிப்பனை நேராக்கினார். "அடக்கம் முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம்."

தப்பு மேளம் முழங்கியது. ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். இரங்கலுரையோடு வந்திருந்த டொக்டர் முன்னால் நடந்தார். பெண்கள் வழக்கப்படி லயத்துப் பாதை முடக்கோடு நின்றுவிட்டார்கள். இனி வீடு கழுவ வேண்டும்.

நிரஞ்சனி மம்பட்டியை எடுத்தாள்.

"அடியே, வீடு கழுவாம எங்க போற?" என்றாள் அத்தை ரத்தினம்மா.

"வீடு எங்கயும் ஓடிறாது அத்தை. மண்ணு ஓடிரும்."

ரத்தினம்மா மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள். "அந்தாளு மைக்கப் புடிச்சா லேசுல விட மாட்டாரு. வாங்கடி!"

ஓடைக் கற்கள் கைமாறி மேலேறின. அண்ணனுக்கு வைத்த ஒப்பாரியை ரத்தினம்மா நிறுத்தவில்லை. கல் பாரமானபோது மட்டும் நடுவில் வசவு கலந்தது. மயானத்து ஒலிபெருக்கியில் 'நிலைபேறான நிலப் பயன்பாடு' நாலைந்து தடவை கேட்டது. பிறகு மழை வந்து அதை நிறுத்தியது.

சிவந்த தண்ணீர் சரிவில் இறங்கி வந்து, கல்லில் முட்டி, தயங்கி நின்றது. ஓர் இடுக்கில் மட்டும் நூலாகக் கசிந்தது. நிரஞ்சனி புல்லோடு ஒரு பிடி மண்ணை அதில் வைத்து வெறுங்காலால் மிதித்தாள். கசிவு நின்ற பிறகும் காலை எடுக்கவில்லை.