கால் பரிசோதனை நாள்

முதியோர் மையத்தில் சர்க்கரைக்காரர்களுக்கு மாதம் ஒருநாள் கால் பரிசோதனை. மூன்று மாதமாக அதற்கு டிமிக்கி கொடுத்துவந்த மேஸ்திரியை இந்த முறை நர்ஸம்மா கழிப்பறை வாசலிலேயே மடக்கிவிட்டார்.

"ஷூவைக் கழட்டுங்க ஐயா."

"என் காலுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கு."

"அந்தக் கல்லையும் பாத்துடறேன். இல்லன்னா நாளையிலேருந்து வேன் உங்க வாசலுக்கு வராது."

மேஸ்திரி முனகிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். எழுபத்தாறு வயதில் அவருக்கென்று இருந்தது அந்த வேன் ஒன்றுதான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, மதியம் சூடான சாப்பாடு, அப்புறம் கேரம். முந்நூறைத் தாண்டியிருந்த சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியிருந்தது. நாற்பது வருடம் கட்டட வேலையில் ஆட்களை விரட்டியே பழகிய மனிதர், கேரத்தில் தோற்றுவிட்டுச் சிரிக்கக்கூடக் கற்றுக்கொண்டார். வினையே அந்தச் சிரிப்பால்தான் வந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டே வேனிலிருந்து இறங்கியதை மகன் பார்த்துவிட்டான். கதவைச் சாத்தினான். அப்பாவைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, சுவர் மட்டம் பார்க்கும் பழைய பலகையால் உள்ளங்காலில் மாறி மாறி அடித்தான்.

"ஊரான்கிட்ட சிரிக்கத் தெரியுதில்ல? வீட்ல ஒருநாள் சிரிச்சிருப்பியா? அடியாத மாடு படியாதுப்பா."

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு பூசையாவது நிச்சயம். மேஸ்திரி ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. காலையில் வீங்கிய பாதத்தை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வேனுக்கு நின்றுவிடுவார். பிடிவாதம் பிடித்த கிழம்.

நர்ஸம்மா சாக்ஸை உருவியபோது தோலும் சேர்ந்து வந்தது.

"யார் அடிச்சது?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

"வழுக்கி விழுந்தா உள்ளங்கால்ல வரி வரியா கிழியாது, ஐயா."

வீட்டில் அவரோடு இருப்பவன் மகன் ஒருவன்தான் என்று மையத்தில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸம்மா போலீஸுக்குப் போன் போட்டார். பெரியவரை இன்று அனுப்ப மாட்டோம் என்று வீட்டுக்கும் தகவல் போனது. போலீஸுக்கு முன்னால் மகன் வந்து நின்றான்.

வந்தவன் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். நாற்காலி கவிழ்ந்தது, கால் கழுவிய தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. குறுக்கே வந்த வேன் டிரைவருக்கு மூக்கில் ஒரு குத்து. ரத்தம் பொலபொலவென்று கொட்டியது. கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்துவந்து கைத்தடியால் அவன் முதுகில் ஓங்கி இரண்டு போட்டார்.

"பெத்த அப்பனை உள்ளங்கால்ல அடிக்க எங்கடா கத்துக்கிட்ட?" என்று கேட்டார் நர்ஸம்மா.

மகன் கையை எடுத்துவிட்டான். திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

மேஸ்திரிக்கு அந்தப் பார்வை தெரியும். எட்டு வயதில், இதே பலகைக்குக் கீழே குப்புறக் கிடந்து அவன் திரும்பிப் பார்த்த பார்வை. கன்னத்தில் அடித்தால் வாத்தியார் கேட்பார், உள்ளங்காலை எவன் பார்க்கப்போகிறான் என்று யோசித்து அடித்தவர் அவர்தான். அடியாத மாடு படியாது என்பதும் அவர் சொன்னதுதான். அன்றைக்கு அந்தக் காலைப் பார்க்க எந்த நர்ஸும் வரவில்லை.

"என்கிட்டதாம்மா கத்துக்கிட்டான்."

சொல்லிவிட்டு மகன் முன்னால் மண்டியிட்டு அவன் ஷூ கயிற்றைப் பிடித்தார். "உன் காலையும் காட்டுப்பா."

மகன் எட்டி உதைத்தான். தாடையில் விழுந்த உதையில் பல் ஒன்று தெறித்தது. மேஸ்திரி ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் அதே காலைப் பிடித்தார். பயம் இல்லை, வெட்கம் மட்டும்தான். இன்னொரு உதை விழவில்லை. மகன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

ஷூ கழன்றது. உள்ளங்கால் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெள்ளைத் தழும்புகள். நர்ஸம்மா அப்பாவின் காலையும் மகனின் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

"எழுதுங்கம்மா," என்றார் மேஸ்திரி. "அடிச்சவங்க ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க. என் பேரை முதல்ல."