செவ்வாய்க்கிரகத்துக்கு ஒரு பூசணிக்காய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே காட்சி. இரண்டாயிரத்து இரண்டு, மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில், துருப்பிடித்த படகு எஞ்சின் ஒன்று கப்பியில் தொங்குகிறது. கயிற்றை ஆறு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒரு பெண் கத்துகிறாள்: "போட்டுத் தொலைங்களேம்பா!" அவர்கள் போடவில்லை. நான் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டேன். மீதியெல்லாம் என் கைவரிசை.

2

முதல் வரிக்கு நான் முட்டி மோதியது:

'கடல் அன்று அமைதியாக' (வேண்டாம். காசிமேட்டில் யார் அதைப் பார்த்தார்கள்?)

'செவ்வாயில் ஒரு கல் விழுகிறது, கேட்க ஆளில்லை' (அழகு. அதனால்தான் சந்தேகம்.)

நேரே வருகிறேன். அவள் பெயர் மோகனப்ரியா. படகுக்காரர் மனோகரனின் மகள், நில அதிர்வு ஆராய்ச்சி மாணவி. செவ்வாயில் கருவி வைத்தால், வந்த அதிர்வு விண்கல் விழுந்ததாலா, கிரகமே உள்ளே குலுங்கியதாலா என்று பிரித்தாக வேண்டும். மேலிருந்து விழுந்தால் முதல் அதிர்வு எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். உள்ளே பிளந்தால் ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும்.

"இங்கே கனமாக எதையாவது போட்டு, விழுந்ததைச் சுத்தமாகப் பதிவு செய்து நாளைக்குள் சொல். செவ்வாய்க் குழுவுக்கு உன் பெயரை அனுப்புகிறேன்" என்றார் பேராசிரியர். (அவருக்குப் பெயர் வைக்கவில்லை. காரணம் கடைசியில்.)

ஐஸ் லாரிகள் ஓயாத காசிமேட்டில் தரை அதிராமல் சும்மா கிடப்பது தடைக்காலத்தில்தான். கனமாக விழுவதற்கு அப்பாவின் செத்துப்போன எஞ்சின்.

3

நாலு திசையிலும் கருவிகளைப் புதைத்து ஓடவிட்டாள். அம்மா மங்கம்மா எஞ்சினுக்குக் கற்பூரம் காட்டி, திருஷ்டிப் பூசணியை ஓங்கி உடைத்தாள்.*

"இப்ப வுடு நைனா!" கயிற்றைப் பிடித்திருந்த அப்பாவிடம் கத்தினாள் மோகனப்ரியா.

கயிறு இறங்கியது. மெல்ல. எஞ்சின் பூப்போலத் தரையில் உட்கார்ந்தது.

"இன்னா நைனா? வுடச் சொன்னா எறக்கிகினு கீறே!"

"கை வர்ல கண்ணு. எஞ்சின் வுழுந்தா வூடே பூடும்னு வளந்த கை இது."

"அது வெறும் இரும்பு நைனா!"

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலியே!"

மறுபடி தூக்கினார்கள். மறுபடி பூப்போல. மூன்றாம் முறை கயிறு அறுந்து

இல்லை. அறுக்க எனக்கும் கை வரவில்லை.

* போட்டு உடைக்கப்போகும் இரும்புக்கு எதற்குத் திருஷ்டி என்று என்னைக் கேட்காதீர்கள். தைரியம் இருந்தால் மங்கம்மாவைக் கேளுங்கள்.

4

பேட்டரி தீர்ந்தது. மோகனப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதச் சுருளைப் பிரித்தாள். ஆரம்பத்திலேயே ஒரு துள்ளல். குட்டித் துள்ளல்தான். ஆனால் நாலு கோடும் வெளியே தள்ளியிருந்தன!

"யம்மோவ்! நீதாம்மா விண்கல்லு போட்டுக்கீறே!"

"அய்ய, நான் இன்னாடி பண்ணேன்? பூசணிக்காதானே ஒடச்சேன்!"

ஆறு பேரும் விசிலடித்து ஆடினார்கள். எழுதும்போது நானும் ஆடினேன். மேசை குலுங்கி ஒரு வரி கோணியது, அப்படியே விட்டுவிட்டேன்.

5

முடிவுகள்:

அ) பேராசிரியர் சிரித்துவிட்டு ஃபோனை வைக்கிறார். எழுதியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தேன்.

ஆ) பூசணி ஏற்றிய ராக்கெட் செவ்வாய்க்குக் கிளம்பி... சந்தோஷம் தலைக்கேறிவிட்டது, மன்னிக்கவும்.

ஆகவே இதோ எஸ்.டி.டி. பூத். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மங்கம்மாவும் அந்த ஆறு பேரும்.

"சார், சுத்தமான பதிவு சார். நாலும் தள்ளுது."

"பிரமாதம். என்ன விழுந்தது?"

எஞ்சின் என்று சொல்லிவிடலாம். நானே அவள் வாயில் அதை வைத்துப் பார்த்தேன், துப்பிவிட்டாள்.

"பூசணிக்காய் சார்."

பேராசிரியருக்கு ஏன் பெயரில்லை என்று இப்போது புரிந்திருக்கும். ரிசீவர் உங்கள் காதில்தான் இருக்கிறது. 

பேசுங்கள் சார்.