பவுடர் டப்பா அரிசி

மழை வெளிச்சத்தில் என் வலது கை. மடியில் கிடக்கிறது. மல்லாந்து கிடக்கிறது. மூடச் சொன்னால் மூடவில்லை.

நாற்பது வருடம் அரிசி அள்ளிய கை, ஆண்டவரே. உலையில் போடும் முன் உமக்கென்று ஒரு பிடி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு, பிடி அரிசி டப்பா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். இல்லாதவர்களுக்குப் போகும்.

என் பிடிதான் ஊரிலேயே பெரிய பிடி. நானே சொல்லக் கூடாது. பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கையையா எடுத்தீர்?

ஒரு காலை, பல் தேய்க்கும்போது வாய் கோணியது. கை விழுந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. உமக்கு வேறு கை கிடைக்கவில்லையா. ஒரு மணி அரிசி போடாத கை இந்த ஊரில் எத்தனை. அவர்களெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எனக்குக் கோபம். மரியாதையாகவே சொல்கிறேன், உம்மேல் கோபம்.

மழை. மூன்றாம் நாளாக மழை. மஸ்கட்டிலிருந்து மகன், ஆள் வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்தார்கள். சாப்பிட்டாயிற்று என்றேன். பொய்.

இடது கையால் உண்ண அருவருப்பு. இன்னொருத்தி ஊட்ட வாய் திறப்பதற்குச் சாகலாம். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர். முன்கதவைத் தாழிட்டேன்.

பின்கதவை மறந்துவிட்டேன்.

பின்கதவு எமீமாளுக்குத் தெரியும். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்த நாளிலிருந்து, இருபது வருடம், சனிக்கிழமை தோறும் அங்கேதான் வந்து நிற்பாள். பெண்கள் சங்கத்துச் செயலாளர் நான். பிடி அரிசியை அளந்து போடுவேன். "கர்த்தர் தாராரு, வாங்கிக்கோ" என்பேன். கர்த்தர் என்று வாய் சொல்லும். நான் என்று மனம் சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கோயிலுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தாள். பழைய பவுடர் டப்பா. உள்ளே பிடி அரிசி.

எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தேன். "நாங்க தாறத வச்சித்தான் நீ திங்கே. அதுல என்ன காணிக்கை?"

இரக்கப்பட்டேன் என்றே நினைத்திருந்தேன், இன்றுவரை.

இப்போது நிற்கிறாள், பின்வாசலில். முந்தானை நனைந்திருக்கிறது. கையில் தூக்குச்சட்டி, கஞ்சி ஆவி. என் கையைப் பார்க்கிறாள்.

"போ," என்றேன். "எனக்கு யாரும் போட வேண்டாம்."

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். இருபது வருடத்தில் முதல்முறை.

"நான் இருவது வருசமா ஒங்க வாசல்ல கை நீட்டுதேன்லா, புஷ்பக்கா. செத்தா போயிட்டேன்? ஒருநா நீட்டிப் பாருங்க. அதுக்கு எவ்வளவு பெலன் வேணும்னு அப்பத் தெரியும்."

ஓட்டில் மழை. தூக்குச்சட்டியை எட்டிப் பார்த்தேன்.

"என்ன அரிசி?" என்றேன் கடைசியில். ஏதாவது குறை சொல்லத்தான் கேட்டேன்.

"பவுடர் டப்பா அரிசி," என்றாள். "கோயில்ல வாங்கமாட்டேன்னுட்டிய. அதுக்காவ எடுத்துவைக்காம இருக்க முடியுமா. முடியாதவங்க யாருக்காவது கஞ்சி வச்சிக் குடுப்பேன். இன்னைக்கு ஒங்களுக்கு." பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியில் மொண்டு நீட்டினாள்.

இன்றைய சோற்றை இன்று தாரும் என்று ஐம்பது வருடம் உம்மிடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் ஆறு மாதத்துக்கு அரிசி மூட்டை. வாய் கேட்டது, வயிறு கேட்டதில்லை. வயிறு கேட்கும் இன்றைக்கு, நான் திருப்பிக் கொடுத்த டப்பாவிலிருந்து எடுத்துத் தருகிறீர்.

என்ன நியாயம் இது? பழி வாங்குகிறீரா, பசி ஆற்றுகிறீரா? இரண்டையும் ஒரே கரண்டியில் வைத்திருக்கிறீர்.

வாய் திறந்தேன். கோபத்தோடுதான் திறந்தேன். கோணிய ஓரத்தில் கஞ்சி வழிந்தது. ஈர முந்தானையால் துடைத்தாள். உப்பு கூடுதல். சொல்ல வந்தேன். விழுங்கிவிட்டேன்.

ஐந்து வாய். கரண்டி நின்றது. போதுமா என்று பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தா," என்றேன்.

அறுபத்து நான்கு வருடத்தில் நான் கேட்டு வாங்கிய முதல் சோறு. கண் கலங்கியது. அதுவும் கோபத்தில்தான், வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

தீரவில்லை, ஆண்டவரே. நாளைக்கும் சண்டை உண்டு.

மழை வெளிச்சத்தில் என் வலது கை. மடியில் கிடக்கிறது. மல்லாந்து கிடக்கிறது. மூடச் சொல்லவில்லை நான்.