பதிவு போட்டால் ஓடும்

கம்ப்யூட்டர் பூட்டும் கம்பெனியில் எல்லாரும் டெஸ்ட் அக்கா என்று கூப்பிடும் அவள், பொத்தானை அமுக்கிவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றிக் காத்திருந்தாள். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய கம்ப்யூட்டர்கள் சுவரோரம் இடுப்புயரம் அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது.

சோதனை மேசையில் எப்போதும் பதிவைப் போட்டுத்தான் பார்ப்பார்கள். மெஷின் எழும்போது எந்தச் சாதனம் விழித்தது, எது விழிக்கவில்லை என்று திரையில் வரிவரியாக எழுதிக்கொண்டே வரும்; அதுதான் பதிவு. பேக்கிங்குக்குப் போகுமுன் அதை எடுத்துவிடுவது வழக்கம். இன்றைக்கும் கீபோர்டு வந்தது, மவுஸ் வந்தது, டிஸ்க் மட்டும் ஆடி அசைந்து கடைசியில் வந்தது. மெஷின் சமர்த்தாக ஓடியது. ஏதோ தோன்றி, பதிவை எடுத்துவிட்டுப் போட்டாள். நின்றுவிட்டது. இத்தனை வரி எழுதும் தாமதத்தில்தான் அந்தச் சோம்பேறி டிஸ்க் வந்து சேர்கிறது, பதிவு இல்லாவிட்டால் மெஷின் அதற்குக் காத்திராமல் நின்றுவிடுகிறது என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புது டிஸ்க்கெல்லாம் சூப்பர்வைசரின் மச்சான் கொடுத்தது என்பது ஞாபகம் வர, சிரிப்பு அடங்கியது.

ஆனாலும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"புது டிஸ்க்கு லேட்டா எழுந்திரிக்குது சார். பதிவு போட்டா ஓடும், எடுத்தா நிக்கும்."

"காதுல பூ சுத்துறியா? பாத்துக்கிட்டே இருந்தா வேலை செய்யும், பாக்காட்டி செய்யாதா? மெஷின் என்ன உன்ன மாதிரியா?"

அறையில் சிலர் சிரித்தார்கள்.

"டிஸ்க்கை மாத்திப் பாருங்க சார், தெரியும்."

மச்சானின் சரக்கைக் குறை சொன்னதும் சூப்பர்வைசரின் முகம் கறுத்துவிட்டது. "நீ பாத்து அனுப்புனதுதான இவ்வளவும்? கோளாறு உன் கையில. கிளம்பு."

"வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார் சார். என் சம்பளம்தான் எல்லாம்."

அவர் பேக்கிங் பக்கம் திரும்பி அவள் கொழுந்தன் மனைவியைக் கூப்பிட்டார். "இனிமே நீ உக்காரு."

சோதனை மேசையில் இருப்பவர் மணிக்கட்டில் கட்டும் பட்டையைக் கழற்றி ஓரகத்தியிடம் கொடுத்தாள். "அக்கா, நான் கேக்கலக்கா," என்றாள் ஓரகத்தி, நிமிராமலே.

"கட்டிக்க."

பையை எடுத்துக்கொண்டு நடக்கும்போது பின்னால் மெஷின் எழும் சத்தம் கேட்டது. வரிகள் ஓடின. கடைசியில் டிஸ்க்கும் வந்தது.

"பாத்தீங்களா, கை மாறினதும் ஓடுது!" என்றார் சூப்பர்வைசர்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தி வழக்கப்படி பதிவை எடுத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்க்காமலே மெஷினை அணைத்துப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.